மண்ணடியில் செல்லும் மின்கம்பிக்கு ஏற்ற குழாய்



வீடு கட்டுவோர் சுவருக்கு நிறம் தேடுவதில் ஒரு மாதத்தைச் செலவிடுவர். வாயில் விளக்குக்கோ தோட்டத்து மோட்டாருக்கோ மண்ணடியில் மின்சாரம் கொண்டுசெல்லும் குழாயை மட்டும், கைக்கு அகப்பட்டதைப் புதைத்து முடித்துவிடுவர். பெரும்பாலும் அது தண்ணீர்க் குழாயின் மிச்சத் துண்டாகவே இருக்கும். தில்லியில் பகீரத் பேலஸ், மும்பையில் லோஹார் சால், கொல்கத்தாவில் எஸ்ரா வீதி என மின்பொருட் கடைவீதிகள் நிறைந்த நகரங்களில் வாழும் நம்மவர்க்கு நல்ல குழாய் அரிதன்று. எதைக் கேட்டு வாங்குவது என்பதே வினா.

தண்ணீர்க் குழாய் வலுவற்றது என்று நான் கூறவில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து அவ்விடத்தைத் தோண்டுபவர் சாம்பல் நிறக் குழாயைக் காண்பார்; தண்ணீர்க் குழாய் என்றெண்ணி அதில் இரம்பத்தை வைப்பார். உள்ளே ஓடுவது மின்சாரம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

சுவருக்குள் பதிக்கும் பி.வி.சி. கண்டியூட் குழாய்களில் மெலிவு, நடுத்தரம், கனம் என மூவகை உண்டு. மெலிந்த வகையை மண்ணில் புதைத்தலாகாது. மேலே ஒரு வண்டிச் சக்கரம் ஏறினால் நசுங்கிவிடும். நிலத்தடிக்கென்றே செய்யப்பட்டது இரட்டைச் சுவருடைய எச்.டி.பி.இ. குழாய். அதன் வெளிச்சுவர் அலையலையாக மடிந்து மண்ணின் பாரத்தைத் தாங்கும். உட்சுவர் வழவழப்பாக இருந்து கேபிள் இழுப்பதை எளிதாக்கும். குறுகிய அளவுகள் சுருளாகவும் கிடைப்பதால் நெடுந்தூரத்திற்கு இணைப்புகள் குறையும். ஒன்று நினைவிருக்கட்டும்: பி.வி.சி.யை ஒட்டும் பசை இதில் ஒட்டாது. இதற்குரிய இணைப்பானையும் ரப்பர் வளையத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். எவ்வகையாயினும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று பாருங்கள். அந்நிறுவனத்தின் பெயர் 1987இல் மாறிற்று, முத்திரை மாறவில்லை.

மண்ணையும் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். நாகபுரியிலும் இந்தூரிலும் உள்ளது கரிசல். கோவில்பட்டிப் பக்கத்தவர்க்கு அதன் குணம் சொல்ல வேண்டியதில்லை: மழையில் பொங்கும், கோடையில் வெடிக்கும். விறைப்பான குழாயின் இணைப்பு அங்கே விட்டுப்போகும்; நெளிந்து கொடுக்கும் குழாயே தகும். குழாய் மண்ணைவிட்டு வெளியே ஏறும் பகுதி வேறு கவனத்தை வேண்டும். சாதாரண பி.வி.சி. வெயிலில் நாளடைவில் நொறுங்கத் தொடங்கும். அவ்விடத்தில் இரும்புக் குழாயால் மூடுவது நன்று.

குழாயின் உள்விட்டம் கேபிளின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையலாகாது. இரண்டு மடங்கு இருந்தால் பின்னர் இழுப்பவர் உங்களை வாழ்த்துவார். எவ்வளவு இறுக்கமாக இணைத்தாலும் குழாய்க்குள் ஈரம் சேரும். காற்றிலுள்ள நீராவியே குளிர்ந்து நீராகிவிடும். ஆகவே வீட்டுக்குள் ஓடும் சாதாரணக் கம்பியை விடுத்து, நிலத்தடிக்குரிய கவசக் கேபிளையே இடுதல் நலம்.

இனி உயிரைப் பற்றிய செய்தி. முற்காலத்து இரும்புக் குழாயில் குழாயே எர்த் தொடர்பாகவும் பயன்பட்டதுண்டு. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே தகுந்த எர்த் கம்பி கேபிளோடு கூடவே செல்ல வேண்டும். அது இல்லையேல், பழுதுற்ற மோட்டாரின் உடலில் மின்சாரம் ஏறி நிற்கும். ஈரக் கையோடு அதைத் தொடுபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியோ தோட்டக்காரரோதான்.

தாழ்வழுத்தக் கேபிளுக்கு 75 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அடியிலும் மேலும் மணல் பரப்பி, அதன்மேல் செங்கல் வரிசை வைத்து, எச்சரிக்கை நாடாவும் விரித்து மூடுங்கள். பள்ளம் மூடுமுன் மதில் சுவரிலிருந்து குழாய் எத்தனை அடி தள்ளிச் செல்கிறது என்பதை அளந்து, ஒரு தாளில் வரைந்து, மீட்டர் பெட்டியின் கதவில் உட்புறமாக ஒட்டிவிடுங்கள்.