டென்ட்டுக்குள் குளிராமல் தூங்குவது எப்படி?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பைக்ல போய் டென்ட் அடிச்சுத் தங்குறியாமே, அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் கட்டளையிட்டுவிட்டார். செங்கல்பட்டுக்காரன் குளிரைப் பற்றிப் பேசுவதா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. மார்கழி வந்தால் ஃபேனை ஒரு பாயிண்ட் குறைப்போம், நமக்குத் தெரிந்த குளிர் அவ்வளவுதானே!

ஆனால் என்னைக் குளிர் முதலில் பிடித்தது ஊட்டியில் அல்ல, இதோ இந்த மாமல்லபுரம் கடற்கரையில்தான். கல்லூரி முடித்த வருஷம் ஒரு மார்கழி சனிக்கிழமை, நண்பர்கள் நாலு பேர் இரண்டு பைக்கில் திருக்கழுக்குன்றம் வழியாகக் கிளம்பினோம். தெரிந்தவர் ஒருவரின் சவுக்குத் தோப்பில் அனுமதி கேட்டு டென்ட் அடித்தோம். மணலில் ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் நாங்கள். ராத்திரி மூன்று மணிக்குப் பல் தந்தியடித்தது. வெளியே 20 டிகிரிக்குக் குறையாது. பின் ஏன் குளிர்ந்தது?

காரணம் எளிது. தூங்குகிற மனிதன் கிட்டத்தட்ட 75 வாட் பல்பு மாதிரி. அந்த வெப்பத்தைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே நாலு போர்வை போட்டாலும் கீழே ஒன்றுமில்லை என்றால் பயனில்லை. கம்பளி நமக்குச் சூடு தருவதில்லை, தனக்குள் காற்றைப் பிடித்து வைத்து நம் சூட்டைக் காக்கிறது. முதுகுக்கடியில் அது நசுங்கிப்போனால் காற்றும் போச்சு, காப்பும் போச்சு. இன்னொன்று ஈரம். தண்ணீர், காற்றைப்போல் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நாங்கள் வியர்வையில் நனைந்த சட்டையோடே படுத்திருந்தோம்.

ஜெர்மனியில் 1956 முதல் 'யானைச் சந்திப்பு' என்று ஒரு குளிர்கால மோட்டார் சைக்கிள் திருவிழா நடக்கிறது. பச்சை யானை என்று செல்லப்பெயர் பெற்ற பழைய சுண்டாப் வண்டியால் வந்த பெயர். அங்கே பனியின்மேல் வைக்கோலைப் பரப்பி டென்ட் அடிக்கிறார்கள். மாட்டுக்கொட்டகையில் கன்றுக்குட்டிக்கு வைக்கோல் போடும் நம்ம தாத்தாவுக்குத் தெரிந்த விஷயம்தான், நமக்குத்தான் தோன்றவில்லை!

அடுத்த வருஷம் ஜனவரியில் ஊட்டிக்குப் போனோம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்று கணக்குப் போட்டால் நம்ம ஊரைவிடப் பதினாலு டிகிரி கம்மி. மேகமில்லாத ராத்திரியில் புல்மேல் உறைபனியே விழும். இந்த முறை உஷாராக இருந்தோம். வண்டி ஓட்டும்போது ஜாக்கெட்டுக்குள் நெஞ்சில் தினசரிப் பேப்பர். இறங்கியதும் உலர்ந்த உடுப்பு. கீழே கோரைப்பாய், அதன்மேல் ஃபோம் ஷீட். தலைக்கு மங்கி கேப். படுக்குமுன் கடலைமிட்டாய். சில்வர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, சாக்ஸில் போட்டுக் காலடியில் வைத்தோம். ஒரு லிட்டர் தண்ணீர் 80 டிகிரியிலிருந்து 40-க்கு ஆறும்போது 40 கிலோ கலோரி கிடைக்கும். நம் உடம்பு அரை மணி நேரத்துக்கு மேல் உழைத்துத் தரும் சூடு அது.

எல்லாம் சரியாகச் செய்தோம். ஒன்றைத் தவிர.

இரண்டாம் நாள் ராத்திரி, கறி சுட்ட இரும்புச் சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. "மச்சி, வேஸ்ட்டா போகுதேடா, உள்ள வைடா" என்றான் ஒருவன். வைத்தோம். ஜிப்பை முழுக்க மூடினோம். சொர்க்கம் மாதிரி இருந்தது.

காட்டுப்பன்றிக்குக் காவல் வந்த தோட்டக்காரப் பெரியவர் டென்ட்டுக்குள் சிவப்பாகத் தெரிவதைப் பார்த்துக் கத்தினார். "ஏனுங்க தம்பி, கரிய உள்ள வெச்சுட்டா தூங்கறீங்க? மொதல்ல வெளிய வாங்க!" நான் எழுந்தேன், தலை வெடித்தது. மூன்று பேர் தள்ளாடி வந்தோம். நாலாமவன் எழவில்லை. இழுத்துப் போட்டோம். பெரியவர் தோட்டத்து வேனை எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆக்சிஜன் வைத்தார்கள். விடியும்போதுதான் கண் திறந்தான்.

கார்பன் மோனாக்சைடு! நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவன் தூங்கிக்கொண்டே போய்விடுவான். 'முழுமையற்ற எரிதல்' பற்றி 16 மார்க் கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதிப் பாஸ் பண்ணிய மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் நாலு பேர், ஐயா! பள்ளிக்கூடம் போகாத பெரியவர்தான் எங்களைக் காப்பாற்றினார். விடைத்தாளில் இருந்த படிப்பு டென்ட்டுக்குள் வரவில்லை என்ற வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். கரியோ, ஸ்டவ்வோ, எதுவானாலும் டென்ட்டுக்குள்ளும் மூடிய அறைக்குள்ளும் வேண்டாம். ஜன்னல் துணியைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், மூச்சின் ஈரமும் வெளியே போகும். குளிரை நெருப்பால் விரட்ட வேண்டாம், நம் உடம்பின் சூட்டைக் காத்துக்கொண்டால் போதும். மலைக்குப் போகும் உங்கள் பிள்ளைகளிடம் இதை இன்றே சொல்லுங்கள்.

அந்த நாலாமவன் மூன்றாவது வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பெயர் சொன்னால் உதைப்பான். மதியச் சாப்பாட்டில் நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.