நெல்லை ரோட்டுக்கு எந்த ஹாட் ஹேட்ச்?

"பழைய ஹாட் ஹேட்ச் ஒண்ணு வாங்கணும். பேலியோவா, அபார்த்தா, போலோவா?"ன்னு நிறைய வாய்ஸ் நோட் வந்திருக்கு. நான் திருநெல்வேலியில ஓட்டுறவன். அதனால நம்ம ஊர் ரோட்டை வெச்சே சொல்லுதேன்.

முதல்ல வரலாறு, சுருக்கமா. 1976-ல ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ விற்பனைக்கு வந்துது. 1.6 லிட்டர், 110 குதிரைசக்தி. 5,000 கார் வித்தா போதும்னு ஆரம்பிச்சது, முதல் தலைமுறையிலயே நாலரை லட்சத்தைத் தாண்டிருச்சு. 1984-ல பெஷோ 205 ஜிடிஐ. எடை கம்மி, வளைவுல விளையாடும். ஃபார்முலா ஒண்ணுதான்: காய்கறி வாங்கப் போற வண்டிக்குள்ள கொழுப்பெடுத்த இன்ஜின்.

அந்த 205-ஐ இறக்குமதி பண்ணலாமேன்னு கேப்பீங்க. செகண்ட் ஹேண்ட் காருக்கு 3 வயசுக்கு மேல ஆகியிருக்கக் கூடாதுங்கிறது விதி. ஆக, இந்தியாவுல வித்ததுலதான் நாம தேடணும்.

ஃபியட் பேலியோ 1.6, 2001-ல வந்தது. டர்போ கிடையாது, 100 குதிரைசக்தி. ஆக்சிலேட்டரை மிதிச்ச உடனே பதில் சொல்லும். பெட்ரோலும் அதே வேகத்துல தீரும்.

அபார்த் புன்டோ, 2015. 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைசக்தி, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். அன்னைக்கு விலை 10 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ. ஹைட்ராலிக் ஸ்டியரிங், ரோடு கையில தெரியும். ஆனா வண்டி தாழ்வு. நம்ம தெரு ஸ்பீட் பிரேக்கர்ல பார்த்து ஏத்தணும்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2013. 105 குதிரைசக்திதான், ஆனா 7 ஸ்பீட் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் நாலுவழிச் சாலையில வெண்ணெய் மாதிரி மாறும். ஜங்ஷன் நெரிசல்ல, சித்திரை வெயில்ல ஊர்ந்து போனா அந்த டிரை கிளட்ச் சூடாகும். அதுதான் அதோட வீக்னஸ். 2016-ல வந்த போலோ ஜிடிஐ 192 குதிரைசக்தி, மூணு கதவு, முழு இறக்குமதி. ஓட்டுறதை விட சேர்த்து வைக்கிறவங்களுக்கான கார்.

இப்ப முக்கியமான விஷயம். ஃபியட் இந்தியாவுல கார் விக்கிறதை நிறுத்தியாச்சு. போலோவும் 2022-ல முடிஞ்சுது. பங்க்ல இப்ப வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதுக்காகச் செய்யாத பழைய ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் சீக்கிரம் கெட்டுப்போகலாம். வாங்கின உடனே அதை மாத்துறதுக்குத் தனியா காசு வையுங்க. 15 வருஷம் தாண்டினா ஆர்சி புதுப்பிக்கணும். அதுக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை. பார்ட்ஸ் கிடைக்கலேன்னு ஒவ்வொண்ணா உடைச்சு வித்தா, இந்த வண்டிங்க ரோட்டுலயே இருக்காது.

வாங்கப் போறப்ப இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. புகை வருதா, டர்போ விசில் அடிக்குதா, டிஎஸ்ஜி கிளம்பும்போது உதறுதான்னு பாருங்க. ரீமேப் பண்ணின வண்டியா, சர்வீஸ் பில் இருக்கான்னு கேளுங்க.

என் தீர்ப்பு? வீட்டுல ஒரே கார்னா போலோ ஜிடி. ரெண்டாவது காரா, ஞாயித்துக்கிழமை அம்பாசமுத்திரம் பக்கம் போக அபார்த். தெரிஞ்ச ஃபியட் மெக்கானிக் இருந்தா மட்டும் பேலியோ. ஒண்ணு மறந்துராதீங்க: பாபநாசத்துக்கு மேல புலிகள் காப்பகம். அங்க யானைக்குத்தான் முதல் வழி. உங்க டர்போவுக்கு இல்ல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.