சிறுவர் விஷமமும் ஊரார் கடமையும்



சிறுவர் விஷமம் எந்தத் தேசத்திலும் உண்டு. அதைக் கண்ட ஊரார் யாது செய்கின்றனர் என்பதிலேதான் வித்தியாசம். அடித்துத் திருத்த முயல்வோர் சிலர். ‘குழந்தைதானே’ என்று விட்டுவிடுவோர் சிலர். இவ்விரண்டுமன்றி மூன்றாவதொரு வழியை அமெரிக்காவிலுள்ள ஒரு சிற்றூர் கைக்கொண்டது. அதன் வரலாறு அறியத் தக்கது.

அத்தேசத்தில் அக்டோபர் மாதம் 31-ந் தேதி இரவை ஹாலோவீன் என்பர். அன்றிரவு ஆவிகள் உலாவும் என்பது அயர்லாந்து, ஸ்காட்லாந்து தேசத்தாரின் பழைய நம்பிக்கை. அங்கிருந்து குடியேறியோருடன் அவ்வழக்கமும் அமெரிக்கா சென்றது. சிறுவர் இருளில் வெளிப்பட்டு வேலிக் கதவுகளைக் கழற்றி ஒளித்து வைப்பர். வண்டியைக் களஞ்சியத்தின் கூரைமேல் ஏற்றி வைப்பர். கொல்லைப்புறத்து மரக் கக்கூஸ்களைத் தள்ளிவிடுவர். கடைகளின் கண்ணாடி ஜன்னல்களில் சவுக்காரம் பூசுவர். பொழுது விடிந்ததும் பழி ஆவிகளின் தலையில் விழும்.

கேட்போர்க்கு இது வேடிக்கை. கதவிழந்த குடியானவனுக்கோ பெருநஷ்டம். 1930-ஐ அடுத்த வருஷங்களில், ஜனங்கள் வேலையின்றி வருந்திய காலத்தில், பட்டணங்களில் இவ்விளையாட்டு விபரீதமாயிற்று. மோட்டார் டயர்கள் கிழிக்கப்பட்டன; தெரு விளக்குகள் உடைபட்டன.

இதற்கு முன்னரே விழித்துக்கொண்ட ஊர் ஒன்றுண்டு. மினஸோட்டா மாகாணத்தில் மிஸிஸிப்பி நதியோடு ரம் நதி கலக்குமிடத்தில் உள்ளது அனோக்கா. ஹாலோவீனுக்கு மறுநாட் காலையில், அவிழ்த்துவிடப்பட்ட பசுக்கள் அவ்வூர்க் கடைத்தெருவில் திரிவதுண்டு என்பர். 1920-ல் ஜார்ஜ் கிரீன் முதலிய ஊர்ப்பெரியோர் கூடி ஆலோசித்தனர். சிறுவருக்கு அவ்விரவில் செய்வதற்கு வேறொன்றும் இல்லாமையே விஷமத்துக்குக் காரணம் என உணர்ந்து, ஒரு திருவிழாவை ஏற்படுத்தினர். பள்ளிச் சிறுவர் வேஷந்தரித்து வாத்திய கோஷத்துடன் ஊர்வலம் சென்றனர். முடிவில் சோளப்பொரி, வேர்க்கடலை, மிட்டாய் வழங்கப்பட்டன. யுத்தத்தை முன்னிட்டு 1942, 1943 வருஷங்களில் நிறுத்தப்பட்ட அவ்விழா, பின்னர் மீண்டும் தொடங்கி, நூறாண்டு கடந்தும் நடைபெற்று வருகிறது.

ஐயோவா மாகாணத்து டி மாயின் நகரத்தார் வேறொரு விதி செய்தனர். தின்பண்டம் கேட்டு வீட்டுக்கு வரும் பிள்ளை முதலில் ஒரு விடுகதையோ வேடிக்கைப் பேச்சோ சொல்லவேண்டும். அதன் பிறகே பண்டம். 1950-ல் பிலடெல்பியாவைச் சார்ந்த சிறுவர் சிலர், பால் அடைத்து விற்கும் காகிதப் பெட்டிகளை ஏந்தி வீடு வீடாகச் சென்று, பிறதேசத்து ஏழைக் குழந்தைகளுக்காக 17 டாலர் சேர்த்தனர். முன்னாளில் கதவைக் கழற்ற வந்த கைகள், அதே இரவில் அதே வாயிலில் தர்மத்துக்கு நீண்டன.

இவ்வேற்பாடுகளால் விஷமம் அடியோடு ஒழிந்தது என்பதற்கில்லை. ஆயினும் பிள்ளைகளைத் திருடர் எனப் பெயரிட்டு ஒதுக்காமல், ஊர்க்காரியத்தில் பங்காளிகளாக்கியதே அங்குள்ளோர் பெற்ற லாபம். ஒரு வேலியை இரவில் பிடுங்கிய சிறுவனை, பகலில் சொந்தக்காரருடன் நின்று அதைக் கட்டச் செய்தால், மறுபடி அதில் கை வைக்க அவனுக்கே மனம் வராது. வேலி பலருக்கும் பொது என்பதைப் பெரியோர் சங்கத்தில் கற்கின்றனர். சிறுவர் அதைக் கற்பதற்கும் ஊரில் ஓர் இடம் வேண்டும்.