உடனிருப்பவருக்கு உடனிருப்பவர் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பேசுவது மரபு. காந்தளூர்ச் சாலையின் புகழை எடுத்துரைக்க என்னினும் வல்லார் இங்கு உளர். ஆதலின், நம் இல்லங்களில் தாழிட்ட கதவுக்குப் பின்னே நிகழும் ஒன்றைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

சென்ற ஆண்டு ஒரு விழாவில், இன்னிசை நடந்துகொண்டிருந்த வேளையில், சிறுவன் ஒருவன் எழுந்து நின்று உரக்கக் கூவினான். அவை முழுதும் திரும்பிப் பார்த்தது. அன்னை அவன் கையைப் பற்றிக்கொண்டு வெளியேறினார். திரும்பிப் பார்த்தவர்களுள் நானும் ஒருவன்; எழுந்து பின்னே சென்றவர் எவருமிலர். அதன்பின் அக்குடும்பத்தாரை எந்த விழாவிலும் நான் காணவில்லை.

அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு செல்கின்றோம். கை முறிந்தால் பழத்தோடு செல்கின்றோம். உள்ளம் நோயுற்றால் மட்டும் தெருவின் மறுபுறம் நடக்கின்றோம். போதாக்குறைக்கு, ‘வளர்ப்புச் சரியில்லை’ என்று கேளாமலே தீர்ப்பும் வழங்கிவிடுகின்றோம். கடும் மனச்சோர்வும், அரிதாக மனச்சிதைவும் இளம்பருவத்திலேயே தோன்றுவதுண்டு. மரபு, மூளையின் வளர்ச்சி, வாழ்வில் நேர்ந்த துன்பங்கள் எனப் பல காரணங்கள் பின்னிக் கிடக்க, பழி மட்டும் தாயின் தலையில் விழுகின்றது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குழந்தைகளைப் பற்றி ஒரு நல்ல விதி வகுத்துள்ளது. அவர்களை மருத்துவமனையில் சேர்ப்பது விதிவிலக்காகவே இருத்தல் வேண்டும். சேர்த்தால் பெரியவர்களினின்றும் வேறாக வைத்தல் வேண்டும். காப்பாளரோ, அவர் அமர்த்திய துணையாளோ முழு நாளும் உடனிருத்தல் வேண்டும். இது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1950களில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து உறவினரைத் தங்கச் செய்தார். 1957இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும் குடும்பத்தாரை நோயாளியோடு தங்கவைத்தே மருத்துவம் செய்தது.

நிற்க. அன்னை மருத்துவமனையில் தங்கினால், வீட்டில் இளைய குழந்தைக்குச் சோறூட்டுபவர் யார்? தந்தைக்கு விடுப்பு எத்தனை நாள் கிட்டும்? ஊரில் இருப்போர்க்குப் பாட்டியும் அத்தையும் ஓடி வருவர். நம் பாட்டியும் அத்தையும் நாகர்கோவிலிலும் நெல்லையிலும் அல்லவோ இருக்கின்றனர்! உடனிருப்பவர் வேண்டும் என்று சட்டம் சொல்கின்றது. அவருக்கு உடனிருப்பவர் யார் என்பதைச் சட்டம் சொல்ல இயலாது.

இந்நகரில் மருத்துவத்திற்குக் குறைவில்லை. ஊளம்பாறையில் மனநல மருத்துவமனை 1870இலேயே எழுந்தது. ‘டெலி மானஸ்’ என்னும் அரசின் தொலைபேசி உதவி 2022 முதல் இயங்குகின்றது; 14416 என்ற எண்ணை அழைத்தால் தமிழிலும் பேசலாம். குறை இருப்பது மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தெருவில்.

அத்தெருவை ஊரார் நிரப்பிய சான்று நம் அருகிலேயே உண்டு. கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் போராடிய அய்யன்காளி பிறந்த வெங்ஙானூரில், 2004இல், ஊராட்சியும் குடும்பஸ்ரீ மகளிரும் சேர்ந்து அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென ‘பட்ஸ்’ பள்ளியைத் தொடங்கினர். பின்னர் கேரளமெங்கும் பல ஊர்கள் அதைப் பின்பற்றின. பிள்ளைக்குக் கல்வி கிடைத்தது போலவே, தாய்க்குப் பகற்பொழுது திரும்பக் கிடைத்தது. அறிவு வளர்ச்சிக் குறைவு வேறு, உளநோய் வேறு என்பதை அறிவேன். ஆயினும், ஓய்வின்றி வாடும் தாய் இரு வீட்டிலும் ஒருத்தியே.

சங்கம் கட்டடம் எழுப்ப வேண்டுவதில்லை. அந்த அன்னைக்கு, மிகத் தாமதமாக, ஒரு கடிதம் எழுதினேன். விழாவுக்கு மீண்டும் வருமாறு அழைத்திருந்தேன். மறுமொழி வந்தது. விழாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மகனைச் செவ்வாயும் வியாழனும் மாலையில் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது, அந்நேரம் இளைய மகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் கிடைப்பாரா என்று கேட்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமைகளில் என் இல்லாள் செல்கின்றாள். வியாழக்கிழமைக்கு இன்னும் ஒருவர் தேவை. விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்தபின் என்னிடம் தனியே சொல்லலாம்.