நாற்பது வயதில் வந்த டெஸ்ட்

தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை எனப்படும் புச்சி பாபு நாயுடுவின் இளைய மகனாக 1896இல் பிறந்து, தத்துப் போன வீட்டின் பெயரால் கோட்டா ராமசாமி என வழங்கப்பட்டவர், கிரிக்கெட், டென்னிஸ் ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். எனினும் அவருக்குச் சோறு போட்டது மட்டையன்று, கோவையில் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் நடத்திய சென்னை மாகாண வேளாண்மைத் துறையின் உத்தியோகமே.

கேம்பிரிட்ஜில் படித்த காலத்திலேயே, நாடுகள் மோதும் டென்னிஸ் போட்டியான டேவிஸ் கோப்பையில் 1922இல் ஆடிய அவருக்குக் கிரிக்கெட்டில் அத்தகைய வாய்ப்பு இருக்கவில்லை. ஏனெனில் நாடுகளுக்கிடையே பல நாள் நடக்கும் டெஸ்ட் ஆட்டத்தில் இந்தியா முதன்முதலாக இறங்கியதே 1932இல்தான். உடல்வலு உச்சத்தில் இருந்தபோது ஆட ஓர் அணியே இல்லாதவரைக் காலம் கடந்து வந்தவர் என்பது பொருந்தாது.

1936 ஜூலையில் மான்செஸ்டரில், நாற்பது வயது நிறைந்தபின் முதல் டெஸ்டில் இறங்கிய இந்த இடக்கை ஆட்டக்காரர், இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 571 ஓட்டங்கள் குவித்து நெருக்கிய அந்த ஆட்டத்தில் 40, 60 எடுத்தார். விஜய் மெர்ச்சன்ட், முஷ்டாக் அலி இணை தொடக்கத்தில் சேர்த்த 203 ஓட்டங்களே இன்றும் பேசப்படுகின்றன. ஆட்டம் தோல்வியின்றி முடிந்ததில் அவர்களுக்குப் பின் வந்த அந்த அறுபதுக்கும் பங்குண்டு. அடுத்து ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. ஆக இரண்டே டெஸ்டில் 170 ஓட்டங்கள், சராசரி 56.66. இச்சிறு கணக்கைக் கொண்டு அவரை மெர்ச்சன்டுக்கு நிகர் வைப்பது மிகை. 1985இல் சென்னையில் வீட்டைவிட்டுச் சென்றவர் திரும்பவே இல்லை என்ற புதிரை மட்டும் சொல்லி நிறுத்துவதோ அதைவிடப் பெரும் குறை.

ஆடியதோடு நில்லாமல் அவர் பின்னர் அணி மேலாளராகவும் இருந்தார். அமெரிக்க பேஸ்பாலில் 1901 முதல் 1950 வரை பிலடெல்பியா அணியை நடத்திய கான்னி மேக் போன்ற மேலாளரே யார் ஆடுவது, எப்போது மாற்றுவது என்று முடிவு செய்வார். கிரிக்கெட்டிலோ களம் கேப்டனுடையது, பயணமும் பணமும் ஒழுங்கும் மேலாளருடையவை. அப்பொறுப்பை ஏற்று, 1952-53இல் விஜய் ஹசாரே தலைமையில் முதன்முறையாக மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற அணியை ராமசாமி அழைத்துச் சென்றார். முந்தைய கோடையில் இங்கிலாந்தின் ஹெடிங்லியில் ஓட்டம் எதுவும் எடுக்குமுன்னரே நான்கு விக்கெட்டுகளை இழந்த இந்தியா, இந்தப் பயணத்தில் சுபாஷ் குப்தே 27 விக்கெட்டுகள் வீழ்த்த, ஐந்து டெஸ்டுகளில் நான்கைச் சமன் செய்து பிரிட்ஜ்டவுனில் மட்டுமே தோற்றது.