குடத்தில் போடாத ஓலை

(உத்திரமேரூரில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



'கல்லூரியில் யாருக்கு மவுசு?' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. தலைப்பைக் கேட்ட ஒரு தோழர், "இதெல்லாம் ஒரு அரசியலா? பஞ்சமி நிலம் பத்திப் பேசு, கூலி பத்திப் பேசு" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடி ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டது இந்தப் பக்கத்தில்தான். நிலத்தை விட்டுவிட்டு இங்கே தலித் அரசியல் பேச முடியாது.

ஆனா, காலனியிலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போற பதினேழு வயசுப் பையனுக்கும் பொண்ணுக்கும் சாதி எங்க தட்டுப்படுது? யாரு பக்கத்துல யாரு உக்காரறாங்க, யாரைச் சுத்திக் கூட்டம் கூடுது, யாரு பேரு நாலு பேரு வாயில வருது, அங்கதான் தட்டுப்படுது. அடிக்கிற அடி வெளியே தெரியாது. வீட்டில் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா, காலேஜ் புடிக்கல" என்பான். கொஞ்ச நாளில் படிப்பை நிறுத்திவிட்டு கம்பெனி வேலைக்குப் போய்விடுவான். அதனால் இது அரசியல்தான்.

இந்த ஊரில் நின்று பேசுவதால் இந்த ஊர்க் கல்வெட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிற குடவோலைக் கல்வெட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலம். 919, 921ஆம் ஆண்டுகள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றுமறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஜனநாயகத்தின் தொட்டில் என்கிறார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னார். நமக்கும் பெருமையாத்தான் இருந்தது.

ஆனால் குடத்துக்குள் யாருடைய ஓலை போகலாம் என்பதும் அதே சுவரில் இருக்கிறது. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள். வேதம் படித்திருக்க வேண்டும். அது பார்ப்பனர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலம்; சபையும் அவர்களுடையது. உழுதவன் ஓலை அதில் கிடையாது. பெண்ணின் ஓலை எந்த வீட்டிலிருந்தும் கிடையாது. சிறுவன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும், எடுக்கப்போவது யாரை என்பது ஓலை எழுதும்போதே முடிவாகிவிட்டது.

இன்னொரு விதியும் உண்டு. அதைப் பாடப்புத்தகம் பெரும்பாலும் சொல்வதில்லை. யார் யார் பெயரை எழுதக்கூடாது என்ற பட்டியலில், தாழ்ந்தவர்கள் என்று கருதப்பட்டவர்களோடு சேர்ந்து பழகியதால் பதிதர் ஆனவர்களும் வருகிறார்கள். பிராயச்சித்தம் செய்கிற வரைக்கும் அவர்களுக்குத் தகுதியில்லை. கவனியுங்கள் தோழர்களே. அவன் திருடவில்லை, பொய்க்கணக்கு எழுதவில்லை. சேரக்கூடாதவனோடு சேர்ந்தான். அவ்வளவுதான் குற்றம்.

கல்லூரிக்குள் ஓடுவது இதே சட்டம்தான். சுவரில் எழுதி வைக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

முதல் வாரத்தில் கேட்கிற கேள்விகளைப் பாருங்கள். "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். ஊர்ப்பெயர் சொன்னால் போதாது. "அந்த ஊர்ல எங்க? மெயின் ரோடா, உள்ளயா?" என்பார்கள். "உங்க குலதெய்வம் எது?" என்பார்கள். "ஹாஸ்டலா? எந்த ஹாஸ்டல்?" என்பார்கள். நேராகச் சாதியைக் கேட்க மாட்டார்கள், அது அநாகரிகமாம். நாலு கேள்வி சுற்றி வந்து அதே இடத்தில் நிற்பார்கள். அதற்குப் பிறகுதான் யாருக்கு யார் 'மச்சான்' என்பது முடிவாகிறது. பைக், ஷூ, இங்கிலீஷ், செவத்த தோல் எல்லாம் மேலே கட்டுகிற தோரணம். தகுதி முதல் வாரமே எழுதப்பட்டுவிட்டது. பதிதர் விதியும் உண்டு. நம்மோடு ஒட்டிப் பழகுகிற ஊர்த்தெருப் பையனை மற்றவர்கள், "என்னடா, எப்பப் பாத்தாலும் அவனுங்க கூடவே சுத்தற?" என்று கேட்பார்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது நாள் அவன் வேறு பெஞ்சுக்குப் போய்விடுவான். அதுதான் அவன் செய்கிற பிராயச்சித்தம்.

நான் படித்த கல்லூரியில், பெயர் வேண்டாம், ஸ்காலர்ஷிப் பாரம் வந்தால் அலுவலகத்திலிருந்து ஆள் வகுப்புக்கே வந்து, "எஸ்.சி. ஸ்டூடண்ட்ஸ்லாம் எழுந்திரிங்க" என்பார். பாடம் நடத்துபவர் அவர் பாட்டுக்குச் சாக்பீஸோடு நின்றுகொண்டிருப்பார். அறுபது பேரில் பன்னிரண்டு பேர் எழுந்து நிற்போம். அதுவரைக்கும் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும். எங்கள் வகுப்பில் நன்றாகப் பாடுகிற ஒரு பெண் எழுந்திருக்கவே மாட்டாள். பணத்தை விட்டாலும் விடுவாள், எழுந்திருக்க மாட்டாள். மூன்று வருசமும் அந்தப் பணத்தை விட்டாள். அவளுடைய அப்பா கழனி வேலைக்குப் போகிறவர். அந்தக் கணக்கை யார் யாரிடம் கேட்பது?

இப்படி மறைந்து வாழ்வது புதிது இல்லை. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் ரெட்டமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் படித்த காலத்தைத் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். 1939இல் வந்த சின்னப் புத்தகம். ஏறக்குறைய 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள். நட்பு வைத்துக்கொண்டால் குடும்பம், இருப்பிடம், சாதி எல்லாம் தெரிந்துவிடும் என்று பயந்து அவர் யாரோடும் சேரவில்லை. மணி அடிக்கிறவரை வெளியே எங்காவது உட்கார்ந்து படிப்பார். வகுப்பு முடிந்தால் வேகமாக வீட்டுக்கு நடப்பார். மற்ற பிள்ளைகளோடு விளையாட முடியாதது அவருக்குப் பெரிய மனவேதனை. படிப்பில் குறை சொல்ல முடியாத மாணவன், விளையாட ஆளில்லாமல் தனியாக நின்றிருக்கிறான்.

அந்த மாணவன்தான் 1893இல் ஒரு பத்திரிகை ஆரம்பித்தபோது அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். எந்தப் பெயர் வெளியே தெரியக்கூடாதென்று ஓடினாரோ, அதையே அச்சில் தலைப்பாகப் போட்டார். பிறகு சென்னைச் சட்டமன்றத்துக்குப் போனார். 1924இல் பொதுவழியும் பொதுக்கிணறும் எல்லாருக்கும் உண்டு என்று தீர்மானம் கொண்டுவந்தார். அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். மறைந்து வாழ்ந்ததைத் தன் வெட்கமாக அவர் எழுதவில்லை, அந்தப் பள்ளியின் சாதிக் கட்டுப்பாடாகவே எழுதினார். நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் அது.

சில பேர் சொல்வார்கள்: "திறமை இருந்தா தானா பேர் வரும். நல்லா விளையாடு, நல்லா படி, நல்லாப் பழகு." சரி. பேர் வந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

கோகுல்ராஜ் பொறியியல் படித்தவர். 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலில் கூடப் படித்த, வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். பேசினதுதான். மறுநாள் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. கொலை செய்தவர்களுக்கு 2022இல் மதுரை நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. உடுமலை சங்கரும் பொறியியல் மாணவர்தான். 2016 மார்ச்சில் பஸ் நிலையத்தில் பட்டப்பகலில் வெட்டினார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. தன்னைத் தொல்லை செய்ததை ஆசிரியரிடம் சொன்னது அவன் செய்த 'குற்றம்'. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் பரீட்சைக்குப் போன பிளஸ் ஒன் மாணவனைப் பஸ்ஸிலிருந்து இழுத்து வெட்டினார்கள், விரல்கள் துண்டாயின. கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். மற்றவனுக்குக் கபடியில் ஜெயித்தால் தோளில் தூக்குவார்கள்.

ஆக, பேர் இல்லாவிட்டால் தனிமை, பேர் வந்தால் ஆபத்து. நம் பிள்ளைகளுக்குக் கல்லூரி கொடுக்கிற இரண்டு வாசல் இவைதான்.

இதற்கு நடுவில் மூன்றாவதாக ஒரு வாசலைக் காட்டுவார்கள். அதில் போய்விடாதீர்கள். சென்னைப் பக்கம் 'ரூட்டு தல' என்பார்கள். பஸ் கூரையில் ஏறுவது, தாளம் போடுவது, எதிர்க் கல்லூரிக்காரனோடு கத்தியோடு மோதுவது. எங்கேயும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாத ஏழைப் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் ராஜா பட்டம் கிடைக்கிறது. அந்தப் பசியை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கேஸ் வந்தால் யார் உள்ளே போகிறான்? முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவன். பாஸ்போர்ட் கிடைக்காது, அரசு வேலை கிடைக்காது. தேர்தல் வந்தால் கொடி கட்டவும் கூட்டம் சேர்க்கவும் கட்சிக்காரன் அவனைத்தான் கூப்பிடுவான். ஆண்டைக்குக் காவல் காத்த அதே வேலைதான். பட்டம் மட்டும் 'தல'.

கலை விழா மேடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது கல்லூரி விழாக்களில் பறை அடிக்காத விழா இல்லை. கை தட்டுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். நல்லது, பறை நம் இசை. ஆனால் அதே கையால் கைதட்டியவனின் ஊரில் சாவுக்குப் பறையடிக்க மாட்டேன் என்று ஒரு பெரியவர் சொன்னால் என்ன ஆகும்? பறைக்குக் கிடைத்த மவுசு பறை அடிப்பவருக்குக் கிடைத்ததா என்று மேடையில் இருக்கிறவர்களே கேட்க வேண்டும்.

அரசாங்கம் பெயர்களை மாற்றுகிறது. 2025 ஏப்ரலில் அரசுப் பதிவுகளிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஜூலையில் நல விடுதிகள் எல்லாம் இனி 'சமூகநீதி விடுதிகள்' என்றார். வரவேற்போம். ஆனால் போர்டை மாற்றினால் கேள்வி மாறாது. "எந்த ஹாஸ்டல்?" என்று கேட்டவனுக்குப் புதுப் பெயரும் சீக்கிரம் மனப்பாடம் ஆகிவிடும்.

அப்படியானால் என்ன செய்வது?

ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவும் அவருடைய நான்கு தோழர்களும் என்ன செய்தார்கள்? அம்பேத்கர் மாணவர் சங்கமாக நின்றார்கள். நிர்வாகம் அவர்களை விடுதியிலிருந்து வெளியேற்றியது. பொது இடங்களுக்குக் கூட்டாக வரக்கூடாது, மாணவர் தேர்தலில் கலந்துகொள்ளக்கூடாது என்றது. தெலுங்கில் சேரிக்கு 'வெளிவாடா' என்று பெயர். அவர்கள் வளாகத்துக்குள்ளேயே கொட்டகை போட்டு அதற்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். 2016 ஜனவரி 17 அன்று ரோகித்தை இழந்தோம். அந்தச் சாவை நான் தியாகம் என்று புகழ மாட்டேன். எந்த மாணவரும் அந்த முடிவுக்குப் போகக்கூடாது. போகாமல் தடுப்பது சங்கத்தின் முதல் வேலை. மனசு உடைந்து உட்கார்ந்திருக்கிறவன் பக்கத்தில் ஒருத்தர் போய் உட்கார வேண்டும். ஆனால் ஒன்றைப் பாருங்கள். ஐந்து பேரைத் தண்டிக்க நினைத்த நிர்வாகம் எதைத் தடுத்தது? சேர்ந்து நிற்பதையும் தேர்தலையும். அதிகாரத்துக்குப் பயம் எங்கே இருக்கிறதென்று அதிலேயே தெரிகிறது.

அதனால் சில வேலைகளைச் சொல்கிறேன். ஸ்காலர்ஷிப் பட்டியலை வகுப்பில் வாசிக்கக் கூடாது என்று முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒருத்தராகப் போகாமல் ஐம்பது பேராகப் போங்கள். ஊர்த்தெருவிலிருந்து நம்மோடு நிற்கிற பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். நம்மால் 'பதிதர்' ஆனவர்கள் அவர்கள். அவர்களைக் காப்பாற்றுவது நம் கடமை. விடுதியில் வாரம் ஒரு நாள் வாசிப்பு வையுங்கள். சீனிவாசன் எழுதிய அந்தச் சின்னப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கலாம். பெண்கள் வரமுடியாத நேரத்தில் கூட்டம் போடாதீர்கள். மூன்று வருசம் எழுந்து நிற்காத அந்தப் பெண் வந்து பேசுகிற மாதிரி கூட்டம் இருக்கணும்.

அப்புறம், தேர்தல் கேளுங்கள். நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் ஆசிரியர் கைகாட்டுகிறவர்தான் மன்றச் செயலாளர். ரகசிய வாக்கெடுப்பு கேளுங்கள். இந்த ஊர்க் கல்வெட்டில் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இரண்டு இருக்கிறது. ஒருமுறை வாரியத்தில் இருந்தவன் மூன்று வருசத்துக்குத் திரும்ப வரக்கூடாது என்கிறது. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் வரக்கூடாது என்கிறது. இது இரண்டையும் நம் சங்கத்துக்கே முதலில் வைப்போம். நம்மிலும் நிரந்தரத் தலைவர்கள் முளைக்கிறார்கள் இல்லையா?

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் பிரிக்க முடியாது என்று அம்பேத்கர் 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசினார். முதல் இரண்டுக்கும் சட்டம் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. மூன்றாவதற்குக் கேஸ் போட முடியாது. "என் பக்கத்துல உக்காரு" என்று எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது. அது கேன்டீன் பெஞ்சிலும் பஸ் சீட்டிலும் விடுதிச் சாப்பாட்டுத் தட்டிலும் நடக்க வேண்டிய வேலை. அதைச் செய்யப்போகிறவர்கள் நீங்கள்.

நாளைக்குத் திங்கட்கிழமை. முதல் வருசப் பிள்ளைகள் வகுப்புக்கு வருவார்கள். மணி அடிக்கிறவரை வெளியே தனியாக உட்கார்ந்து படிக்கிற மாதிரி நடிக்கிற பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். ஊர் எது என்று கேட்காதீர்கள். பேரைக் கேளுங்கள், கூட்டிக்கொண்டு வாருங்கள்.