தடாகத்தில் ஒரு கால்வாய்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

நீச்சல் என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது கடல். 1954ஆம் ஆண்டிலே நவரத்தினசாமி அவர்கள் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரை வரை பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971ஆம் ஆண்டிலே வல்வெட்டித்துறை பெற்ற குமார் ஆனந்தன் அதே நீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணி நேரத்தில் நீந்தி முடித்தார். ஆழிக்குமரன் என்று மக்கள் அழைத்த அந்த வீரர், 1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் நீத்தார். அத்தகையோர் ஒரு தலைமுறைக்கு ஒருவர் தோன்றினாலே பெரிது. நான் பேச வந்ததோ, நாலு தடவை நீந்தியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும் சாதாரணரைப் பற்றி.

ஆனந்தன் இறங்கிய அதே கால்வாயின் தூரத்தை, கடற்கரைப் பக்கமே போகாமல், ஊர்த் தடாகத்தில் நீந்தி முடிக்கும் வழக்கம் ஒன்று இங்கிலாந்திலே உண்டு. முள்ளந்தண்டில் அடிபட்டு நடக்க இயலாமற் போனவர்களுக்கு உதவும் அஸ்பயர் என்ற தரும நிறுவனம் இதனை நடத்துகிறது. தூரம் 22 மைல். 25 மீற்றர் தடாகத்தில் 1,416 தடவை. இதற்குக் கொடுக்கப்படும் காலம் 12 வாரம். நீந்துபவர் தம் உறவினர், அயலவர், உடன் வேலை செய்வோர் ஆகியோரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் மனமுவந்து தரும் தொகையைச் சேர்த்து நிறுவனத்துக்குக் கொடுக்கிறார். அவ்வளவுதான் ஏற்பாடு.

1,416 என்றதும் சிலர் முகம் சுழிப்பது தெரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று நாட்களாக 12 வாரத்துக்கு 36 நாட்கள். நாளொன்றுக்கு 40 தடவை, அதாவது ஒரு கிலோமீற்றர். 36 நாளில் 1,440 ஆகிவிடும். கணக்கில் 24 மிச்சம்! நம் தாய்மார் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியைப் புறம்பாக எடுத்து வைத்தல்லவா கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் தாங்கினார்கள்? ஒரு பிடியால் எந்த வீட்டிலும் சோறு குறைந்ததில்லை. ஆனால் ஒரு நாளும் மறக்காமல் எடுத்து வைத்தார்களே, அதுதான் கடினம். தடாகத்திலும் 40 தடவை நீந்துவது கடினமன்று. மழை பெய்யும் ஏழாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமை மாலையில், யாரும் பார்க்க வராத நேரத்தில், போய் இறங்குவதே கடினம்.

கடலில் பாதி வழி போனவன் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட முடியாது. படகிலே ஏறினாலும் ஊரறிய ஏறவேண்டும். தடாகத்திலோ கை நீட்டினால் சுவர். எந்த நிமிடத்திலும் ஏறித் துவாயை எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஏன் என்று கேட்பாரில்லை. ஆகையினால் இது உடலைவிட வாக்கையே அதிகம் சோதிக்கிறது என்பது என் எண்ணம். கடலை வென்றவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பெரியவர் ஒருவர் சற்று முன்னர் என்னிடம், “தம்பி, கொடுக்கிற காசை நேரே கொடுத்துவிட்டுப் போகலாமே, இடையில் நீந்துவானேன்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நேரே கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் இருபது வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கக் காசு ஏது? அவனிடம் இருப்பது தோள்வலியும் மாலைப் பொழுதும். அவற்றை அவன் கொடுக்கிறான்; அதைப் பார்த்துக் காசுள்ளவர்கள் காசைக் கொடுக்கிறார்கள். அன்றியும், சும்மா கேட்டால் கொடுத்த கையோடு மறந்துவிடும் அயலவர், இதிலே பன்னிரண்டு வாரமும் “இப்பொழுது எத்தனை?” என்று வழியில் மறித்துக் கேட்பார். யாருக்காக நீந்துகிறாய் என்ற கேள்வியும் கூடவே வரும்.

யாருக்காக? நம் ஊரிலே பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவர்களை நாம் அறிவோம். போரிலே அடிபட்டு, சக்கர நாற்காலியில் நாளைக் கழிக்கும் ஆண்களும் பெண்களும் வன்னியெங்கும் இருக்கிறார்கள். இன்னுமொன்று: ஆழமறியாத நீரில் தலைகீழாகப் பாய்ந்து கழுத்தெலும்பு முறிவது, உலகெங்கும் இளைஞர்களை முடமாக்கும் காரணங்களில் ஒன்று. கேணிக் கட்டிலிருந்து பாய்ந்து காட்டுவதை வீரமென்று எண்ணும் தம்பிமார் இதனைக் காதிலே போட்டுக்கொள்ள வேண்டும். முள்ளந்தண்டினுள் ஓடும் நரம்பு வடம் அறுந்தால் அதனை முன்போல் ஆக்கும் மருந்து இன்னும் இல்லை. ஒரு படுக்கை, ஒரு நாற்காலி, புண் வராமற் காக்கும் ஒரு மெத்தை, வாசலிலே படிக்குப் பதிலாக ஒரு சரிவு - இவைதான் அவர்களுக்கு வாழ்வு. இவை யாவும் காசினால் ஆகக்கூடியவை.

மன்றத்து இளைஞர் சிலர் இவ்வாறான நீச்சலொன்றை மேற்கொள்ள எண்ணியிருப்பதாக அறிந்தேன். சில வார்த்தை சொல்லிவைக்கிறேன். முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். காவலர் இல்லாத நேரத்தில் இறங்காதீர்கள். முதல் வாரத்திலேயே இருநூறு தடவை நீந்தி விளாசுபவன் மூன்றாம் வாரத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் இருப்பான். நீருக்குள் இருக்கும்போது வியர்ப்பது தெரியாது, வியர்க்கத்தான் செய்யும், ஆதலால் கரையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். நீருக்கடியில் எவன் அதிக நேரம் மூச்சடக்குவான் என்ற பந்தயம் வேண்டவே வேண்டாம். நல்ல நீச்சற்காரரும் அதிலே சத்தமின்றி மயங்கி இறந்திருக்கிறார்கள். தனியே 1,416 முடியாதவர்கள் நால்வராகச் சேர்ந்து, ஆளுக்கு 354 எனப் பகிர்ந்துகொள்ளலாம். அதிலே குறைவொன்றுமில்லை. பெண்பிள்ளைகளுக்கு வேறாக நேரம் ஒதுக்கும் தடாகங்கள் உண்டு. அவர்களை விட்டுவிட்டுத் திட்டம் போடாதீர்கள்.

சேரும் பணத்துக்குப் பற்றுச்சீட்டு வேண்டும். கணக்கு மன்றப் பலகையில் வாரந்தோறும் ஒட்டப்படவேண்டும். நீந்திய எண்ணிக்கையும் அப்படியே. நீந்துகிறவன் தானே எண்ணினால் முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் இடையிலே மயக்கம் வரும். அது வேண்டுமென்றே செய்வதன்று, மூச்சு வாங்கும்போது எண் நழுவிவிடும். ஆகவே கரையிலே கொப்பியும் பென்சிலுமாக ஒருவர் இருக்கவேண்டும். பெரியோர்களே, அந்த வேலை நமக்கு. நீந்தத் தெரியவேண்டியதில்லை, நாற்பது வரை எண்ணத் தெரிந்தாற் போதும். முதல் நாளுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாளுக்கு யார் வருகிறீர்கள் என்று இந்தக் கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.